கரண்டைக்கால் மட்டும் வந்த வெள்ளம்

சுண்ணாம்பு மணம் மூக்கில் ஏறியதுமே, இங்கே என்னமோ நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டுவிட்டது.

நோன்புப் பெருநாளும் இல்லை, ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை, ஒரு வீட்டிலாவது கலியாணப் பந்தலும் இல்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் அத்தனை வீட்டுச் சுவர்களும் புதுச் சுண்ணாம்பில் பளீரென்று நின்றன. அதுவும் முழுச் சுவர் இல்லை. நிலத்திலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும். அதற்கு மேலே பழைய பாசி, பழைய புகைக்கறை, எந்தத் தேர்தலிலோ ஒட்டிய சுவரொட்டியின் மிச்சம்.

வெள்ளையடிக்கிறவன் மேலேயிருந்துதான் கீழே வருவான். கீழே மட்டும் அடித்துவிட்டுப் போன ஒருவனை நான் கண்டதேயில்லை.

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்த காலம் அது. தோப்பூர்ப் பக்கத்தில், புளியடி அணைக்கட்டுக்குச் சற்று மேலே, ஆற்றின் இடக்கரையில் இருந்த அந்த ஒழுங்கைக்கு ஒரே ஒரு கேள்வியோடு போயிருந்தேன். எங்கள் கந்தோரில் அளவுகோல் பிடிக்கிற நவம் அண்ணை, கோலைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

"முந்தின மாரியில வெள்ளம் எவ்வளவு வந்தது?" முதல் வீட்டில் கேட்டேன்.

"கரண்டைக்கால் மட்டும்தான் மிஸ்."

இரண்டாம் வீடு. "கரண்டைக்கால் மட்டும்தான்." மூன்றாம் வீட்டில் ஒரு வயசாளி, காது அறவே கேளாதவர். நான் வாயைத் திறக்கு முன்னமே மனுசன் குனிந்து தன் கரண்டைக்காலைத் தொட்டுக் காட்டினார்!

"இந்த ஊரில எல்லாருக்கும் ஒரே கரண்டைக்கால்போல கிடக்கு, மிஸ்" என்றார் நவம் அண்ணை, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அடுத்த வீட்டுக்காரி ஜெமீலா. அந்த ஒழுங்கையில் ஆகச் சத்தமான ஆள். நான் கேட்கு முன்னமே அவள் என்னைக் கேட்டாள்.

"நீங்க காணிக் கந்தோரா?"

"இல்ல. நீர்ப்பாசனம்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு வாற."

"ஆளுக்கொரு போன் வச்சிருக்கிறீங்கதானே, வெள்ளத்தை ஒருத்தரும் வீடியோ எடுக்கேல்லையா?"

"எல்லாப் போனும் வெள்ளத்துக்குள்ள விழுந்திட்டு மிஸ்."

"கரண்டைக்கால் தண்ணிக்குள்ளயா?"

ஜெமீலா கோழியை விரட்டப் போனாள். அது தன்பாட்டில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த கோழி, ஒரு தப்பும் செய்யவில்லை.

கடைசி வீடு, அணைக்கட்டுக்கு ஆகக் கிட்டவாய் இருந்தது. அங்கே றகுமத்தும்மா என்று ஒருவர். ஐம்பது தாண்டிய வயசு, தனி ஆள், ஒரு துண்டு வயல், நெல் அவித்துக் குற்றி விற்பது சீவியம். வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் விடையைத் தயாராய் வைத்திருந்தார்கள். இவர் மட்டும், "ஏன் கேக்கிறீங்க?" என்று கேட்டார்.

நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதனால் அந்த மனுசியை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் நான் என் காரணத்தைச் சொன்ன பிறகு அவரும் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு, "கரண்டைக்கால் மட்டும்" என்றார். அவர் சாய்ந்து நின்ற கதவின் கீழ்ப்பாதி ஊதி, பலகை பிரிந்து கிடந்தது. கரண்டைக்கால் தண்ணீருக்கு ஒரு கதவும் அப்படி ஊதாது.

எதற்காகக் கேட்டோம்

புளியடி அணைக்கட்டைக் கட்டியவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு நீளச் சுவர், அவ்வளவுதான். தண்ணீரை மறித்து வாய்க்காலுக்குத் திருப்பும். மிஞ்சினது சுவருக்கு மேலால் வழிந்து கடலுக்குப் போகும். அவர்கள் காலத்து வெள்ளத்துக்கு அது தாராளம்.

இப்போது மழை பெய்கிற விதமே வேறு. மாரி முழுக்கப் பெய்ய வேண்டியதை ஒரு கிழமைக்குள் கொட்டிவிட்டுப் போகிறது. வழிய இடம் போதாமல் ஆறு இரண்டு கரைக்கும் ஏறியது. ஆகவே பெரிய வெள்ளத்தையும் தாங்கும்படி அணைக்கட்டை மாற்றி வடிவமைக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாயிற்று.

அதற்கு முதலில் தெரிய வேண்டியது, வந்த வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்பது. அதை அளக்கவென்றே அணைக்கட்டடியில் ஒரு கம்பம் நட்டிருந்தோம். வெள்ளம் அந்தக் கம்பத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்த சாட்சி வீட்டுச் சுவர்கள்தான். சேற்றுத் தண்ணீர் வடிந்தால் சுவரில் மண்ணிறத்தில் ஒரு கோடு விடும். அந்தக் கோட்டின் மட்டத்தைப் பிடித்தால், எவ்வளவு தண்ணீர் வந்தது, அது தடங்கலில்லாமல் வழிய அணைக்கட்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போடலாம்.

கோடு ஒரு சாண் பிழைத்தால் அணைக்கட்டின் நீளம் எத்தனையோ முழம் பிழைக்கும். குறுகலாய் ஒன்றைக் கட்டிவிட்டு, அடுத்த பெருமழைக்கு அதே சனத்தை அதே தண்ணீருக்குள் நிற்க வைப்போம்.

அந்தக் கோட்டைத்தான் சுண்ணாம்பால் மூடியிருந்தார்கள். ஏன்? யார் சொல்லி? என் தலைக்குள் அது குடைந்துகொண்டே இருந்தது.

எனக்கு வந்த சீதனம்

சந்தேகம் எனக்குப் பிறப்போடு வந்தது. இந்தப் பத்தியை இத்தனை வாரம் வாசித்த நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

எங்கள் அப்பாவுக்குச் சீனன்குடாவில் எண்ணெய் சேமிக்கிற பெரிய தாங்கிகள் பக்கம் வேலை. பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். பாஸ் இருந்தாலும் ஏற இறங்கப் பார்ப்பார்கள். உள்ளே கண்டதை வெளியே கதைக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை. அப்பா அதை வீட்டுக்கும் சேர்த்துக் கடைப்பிடித்தார். "இண்டைக்கு என்ன வேலை?" என்று அம்மா கேட்டால், "வேலைதான்" என்பார்.

அம்மா விடுகிற ஆளா? அவர் குளிக்கப் போனதும் சட்டையை எடுத்து மோந்து பார்ப்பா. மண்ணெண்ணெய் மணந்தால் தாங்கியடி, பெயின்ற் மணந்தால் வேலியடி. ஒரு நாள் சட்டையில், தகரப் பேணியில் வருகிற ரின்மீன் மணந்தது. அன்று அம்மா கோயிலுக்குக்கூடப் போகாமல் யோசித்துக்கொண்டே இருந்தா. கடைசியில் பார்த்தால் யாரோ ஒரு நண்பரின் சாப்பாட்டுப் பெட்டி கவிழ்ந்ததாம்.

பட்டணத்தில் வளர்ந்த எங்களுக்கு இதுவெல்லாம் சாதாரணம். எந்த வேலிக்குள் எப்போது போகக் கூடாது, எந்தக் கேள்விக்கு என்ன பதில், எந்தப் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தோம். அதனால் ஒரு ஊர் முழுக்க ஒரே சொல்லைச் சொன்னால், அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்த வாய் எது என்றுதான் என் புத்தி முதலில் தேடும்.

ஜெமீலாதான் என்று நினைத்தேன். சுண்ணாம்பு வாங்கி வந்ததே அவள்தான் என்று ஒழுங்கை முனைக் கடைக்காரன் சொன்னான்.

அக்கரையில் கூரைவரை

மறுநாள் ஆற்றைக் கடந்து வலக்கரைக்குப் போனோம். அங்கே கதை நேரெதிர்.

"கூரைவரை பிள்ளை! கூரைவரை!" என்றார் தம்பிராசா அண்ணர். அந்தக் கரையில் வயல்காரர்களுக்காகக் கதைக்கிற ஆள் அவர். என்னைக் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். சுவரில் தலைக்கு மேலே மண்ணிறக் கோடு. அது வெள்ளம் விட்ட கோடு இல்லை, விரல் விட்ட கோடு. நாலு விரலும் தனித்தனியே தெரிந்தன.

பக்கத்துச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. வெள்ளத்துக்கு முந்திய வருசத்துக் கலண்டர். அடித் தாள்கூட நனையாமல் மொறுமொறுவென்று இருந்தது.

"அண்ணர், வீடு முழுக்க மூழ்கேக்க இந்தக் கலண்டர் மட்டும் எங்க போய் நிண்டது?"

"அது... பிறகு மாட்டினது பிள்ளை."

"முடிஞ்ச வருசத்தைப் பிறகு மாட்டினீங்களோ?"

தம்பிராசா அண்ணர் தலையைச் சொறிந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கூடுதலான வெள்ளம் என்றால் கூடுதலான நட்டஈடு என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "நாங்கள் கேளாட்டி ஆர் பிள்ளை தருவினம்?" என்றார். இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டார். இடக்கரையில் எங்களுக்கு ஒரு கதிரைகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கந்தோருக்குத் திரும்பி எங்கள் இஞ்சினியரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். வெளி மாவட்டத்திலிருந்து வந்தவர், நல்ல மனுசன், தலைக்கு மேலே வேலை. அவர் யோசித்துவிட்டு, "ரெண்டு கரையிலயும் சொன்னதைக் கூட்டிச் சராசரி எடுப்பம்" என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ரெண்டு பொய்யைக் கூட்டி ரெண்டால பிரிச்சா உண்மை வருமா சேர்?"

"அப்ப நீங்களே ஒரு உண்மையைக் கொண்டு வாங்கோ" என்றார் அவர். சரி, கொண்டு வாறன் என்று வீறாப்பாய்ச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எங்கேயிருந்து கொண்டு வருவது என்று எனக்குத் தெரியாது.

முதல் தரம் சொன்ன உண்மை

இந்த முறை தனியாக, என் ஸ்கூட்டியில் போனேன். றகுமத்தும்மா முற்றத்தில் பாயை விரித்து அவித்த நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். நான் வேலிப் படலையடியில் நின்றேன். அவர் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"திரும்ப வந்தாச்சா?"

"வந்தனான் ராத்தா. எனக்குச் சரியான மட்டம் வேணும்."

"முதல்ல நீங்க சொல்லுங்க. மட்டம் கிடைச்சா என்ன செய்வீங்க?"

"புது அணைக்கட்டுக்குக் கணக்குப் போடுவம்."

"எங்கட வீட்டை எடுப்பீங்களா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். "எனக்குத் தெரியாது ராத்தா. அணைக்கட்டை நீட்ட வேண்டி வந்தா ஏதோ ஒரு கரையில காணி எடுப்பினம். எந்தக் கரையெண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கிளறுவதை நிறுத்தினார். உள்ளே போனார். கோபத்தில் போய்விட்டார் என்று நினைத்தேன். ஒரு கதிரையோடு திரும்பி வந்தார்.

"இது எனக்கு ரெண்டாந்தரம்" என்றார்.

சுனாமிக்கு முன்னம் அவருடைய வீடு மூதூர்க் கரையில் இருந்தது. கடல் வந்து போன பிறகும் சுவர்கள் நின்றனவாம். புருசனும் அவரும் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது, சோக்கட்டியோடு ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார்கள். இவர் ஓடிப்போய்த் தன் கையாலேயே காட்டினார். அந்த இடத்தில் அவர்கள் கோடு போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து, அந்தக் கோடு விழுந்த வீடுகளெல்லாம் கடலுக்குக் கிட்டவாம், அங்கே இனி ஒருவரும் திருத்திக் கட்ட ஏலாதாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"என்ட மனிசன் அந்த வீட்டை நினைச்சு நினைச்சே மவுத்தாகினார். 'நீ ஏன் காட்டினாய், நீ ஏன் காட்டினாய்' எண்டு கடைசி மட்டும் கேட்ட. உண்மையச் சொல்லி வீட்டைக் குடுத்த ஆள் புள்ள நான்."

நெல்லைத் திரும்பக் கிளறிக்கொண்டு அவர் தொடர்ந்தார்.

"ஜெமீலா எண்டுதானே நினைச்ச நீங்க? அவ சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு வந்த, அவ்வளவுதான். வெள்ளையடிக்கச் சொன்ன ஆள் நான். ஒரு வீடும் வாய் திறக்கப்படாதெண்டு வீடு வீடாப் போய்ச் சத்தியம் வாங்கினதும் நான்."

நான் தேடிய வாய் இதுதான். பிடித்துவிட்ட சந்தோசம் ஒரு துளிகூட வரவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு

"என்னை நம்ப வேண்டாம் ராத்தா. நாளைக்கு அணைக்கட்டடிக்கு வாங்க. நீங்களே பார்த்திட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

வந்தார். பழைய அணைக்கட்டின் பக்கச் சுவரடியில் மட்டம் பார்க்கும் கருவியை மூன்று காலில் நிறுத்தி வைத்திருந்தேன். நவம் அண்ணை கோலோடு றகுமத்தும்மாவின் வீட்டுச் சுவரடியில் நின்றார்.

"இதுக்குள்ளால பாருங்க. குறுக்கால ஒரு கோடு தெரியுதா? அந்தக் கோடு நிக்கிற இடமும் இந்தப் பக்கச் சுவரின்ர உச்சியும் ஒரே மட்டம்."

அவர் ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இந்தக் கண்ணாடி பொய் சொல்லாதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சரியான கேள்வி. அவரே வழியும் சொன்னார். அணைக்கட்டுக்கு மேலே தேங்கி நின்ற தண்ணீரில் ஆடாமல் அசையாமல் ஒரு பகுதி இருந்தது. அதன் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நவம் அண்ணையை நிற்க வைத்து, கோலின் அடியைத் தண்ணீர் மட்டத்தில் பிடிக்கச் சொன்னார். "தண்ணி ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்திலதான் நிக்கும். இதுவும் அப்பிடிச் சொல்லுதா பார்ப்பம்." நவம் அண்ணை புறுபுறுத்துக்கொண்டு சாரத்தை மடித்துக் கட்டி இறங்கினார். இரண்டு இடத்திலும் ஒரே இலக்கம் வந்தது.

திரும்பவும் கருவியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பச் சொன்னார். கோடு யன்னல் கட்டையில் நின்றது.

"இந்தச் சுவருக்கு மேலால வெள்ளம் போனதா ராத்தா?"

"போன."

"அப்ப உங்கட வீட்டுக்குள்ள யன்னலுக்கு மேலதானே நிண்டிருக்கும்?"

அவர் வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் போனேன். வாசலில் ஏறி, நிலைக்கு நேரே நின்றார். நான் அளவு நாடாவை எடுத்தேன்.

"பொறுங்க" என்றார். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். "அண்டைக்குக் காலில செருப்பில்ல."

பிறகு நிமிர்ந்து நின்று, வலது கையை மடித்து, கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தார்.

"இஞ்ச. வித்து நெல்லுச் சாக்கைத் தலையில வச்சுக்கொண்டு, இந்த நிலையைப் பிடிச்சுக்கொண்டு, பகல் முழுக்க நிண்ட நான். இதுக்கு மேல ஏறினா மவுத்துதான் எண்டு பார்த்துக்கொண்டே நிண்ட. எனக்குப் பிழைக்காது."

தரையிலிருந்து அந்தக் கைவரை அளந்தேன். அளந்து முடியும்வரை அவர் அதை அசைக்கவில்லை.

இஞ்சினியர் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு மனிசியின்ர நெஞ்சு மட்டத்தை வச்சோ அணைக்கட்டுக் கட்டுறது?" என்றார். சிரிக்கட்டும். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததுதான். நான் நவம் அண்ணையோடு அக்கரைக்குப் போய், தம்பிராசா அண்ணரின் நனையாத கலண்டரின் அடிவிளிம்புக்கு மட்டம் பிடித்தேன். வெள்ளம் அதற்குக் கீழேதான் நின்றிருக்க வேண்டும். எவ்வளவு கீழே? றகுமத்தும்மாவின் கை காட்டிய மட்டம் அதற்கு நாலு விரல்தான் கீழே இருந்தது. கலண்டருக்குக் கீழே சுவரைச் சுரண்டிப் பார்த்தபோது, தம்பிராசா அண்ணரின் விரல் கோட்டுச் சேறு வழிந்து மறைத்திருந்த இடத்தில், மெல்லிசாய் அசல் கோடு கிடந்தது. மனுசியின் கைக்குச் சரி மட்டம்.

இஞ்சினியர் பிறகு சிரிக்கவில்லை.

ஆருடைய காணிக்காக?

இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் புது அணைக்கட்டைக் காணலாம். பழையதைவிட நல்ல நீளம், நடுவில் தூக்கித் திறக்கிற இரும்புக் கதவுகள். அதன் பிறகு ஒரு பெருவெள்ளமும் வந்து போய்விட்டது. ஒழுங்கைக்குள் சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

ஆனால் வரைபடம் மேசைக்கு வந்த நாளில் நான் முதலில் தேடியது அந்த ஒழுங்கையைத்தான். அணைக்கட்டு இடக்கரைப் பக்கமாய் நீண்டிருந்தது. ஒழுங்கையின் அணைக்கட்டுப் பக்கத்து நாலு வீடுகளுக்கு மேலால் அதன் கோடு போயிற்று. அதில் முதலாவது, அணைக்கட்டை ஒட்டிய றகுமத்தும்மாவின் வீடு.

ஏன் இந்தக் கரை? அக்கரையில் அணைக்கட்டை ஒட்டி யாருடைய காணி என்று எனக்குத் தெரியும். ஒரு அரிசி ஆலைக்காரருடையது. எங்கள் இஞ்சினியர் அவருடைய ஆலையில் இருந்து தேத்தண்ணி குடித்ததை நானே கண்டிருக்கிறேன். ஓகோ, விசயம் இப்படிப் போகுதோ என்று எனக்குள் ஒன்று துள்ளியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. களவு என்றால் பிடிக்கலாம், சண்டை போடலாம், வரைபடக் கோட்டை மாற்றலாம்.

நேரே போய் இஞ்சினியரைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ரெண்டு கரையிலயும் துளை போட்டு எடுத்த மண் களஞ்சியத்தில கிடக்கு. போய்ப் பாருங்கோ" என்றார்.

பார்த்தேன். பெட்டி பெட்டியாய் அடுக்கியிருந்தார்கள். அக்கரை மண்ணைக் கையில் அள்ளினேன், விரலிடுக்கால் ஒழுகியது. மணல். அடுத்த பெட்டியும் மணல். ஆழம் போகப் போக மணல். அதன் மேலே அணைக்கட்டை நீட்டினால் அடியால் தண்ணீர் அரித்துக்கொண்டு போய்விடும். இக்கரைப் பெட்டியில் கொஞ்சத் தூரத்திலேயே கல் வந்துவிட்டது. பெட்டிகளை யாராவது மாற்றி வைத்திருப்பார்களோ என்று, ஆற்றங்கரைக்கே போய்த் துளை போட்ட இடங்களிலும் தோண்டிப் பார்த்தேன். அங்கேயும் அதே மணல்.

களவு இல்லை. ஆலைக்காரர் ஒரு பாவமும் அறியார். இஞ்சினியர் குடித்தது வெறும் தேத்தண்ணி. இவ்வளவு சந்தேகப்பட்ட வாழ்க்கையில், சந்தேகம் பிழைத்துப்போனதற்காக நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

படலை

கந்தோரிலிருந்து அறிவித்தல் போகு முன்னம் நானே சொல்ல வேண்டும் என்று போனேன். றகுமத்தும்மா வாசற்படியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"எந்தக் கரை?"

"இந்தக் கரை, ராத்தா."

"எத்தின வீடு?"

"நாலு. வேற இடத்தில காணியும் வீடு கட்ட உதவியும் குடுக்கிறதா எழுத்தில கிடக்கு."

எந்த நாலு என்று அவர் கேட்கவில்லை. "ஆருட காணியக் காப்பாத்த?" என்று கேட்டார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆலைக்காரருக்காகத்தான் எண்டு. போய் மண்ணைப் பார்த்தனான். அக்கரையில முழுக்க மணல், அணைக்கட்டு நிக்காது. ஒருத்தரையும் காப்பாத்தேல்ல ராத்தா."

"உங்கட கண்ணால பார்த்தீங்களா?"

"கையால அள்ளிப் பார்த்தனான்."

அவர் தலையை ஆட்டினார். நான் சொன்னதை நம்புகிறார் என்று தெரிந்தது. நம்பாமல் ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நான் கரண்டைக்கால் எண்டே நிண்டிருந்தா?"

இந்தக் கேள்வி வரும் என்று வழி முழுக்கப் பயந்துகொண்டுதான் வந்தேன். "உங்கட வீடு நிண்டிருக்கும். அணைக்கட்டு இப்ப உள்ள நீளத்தோட இருந்திருக்கும். அடுத்த பெருவெள்ளத்துக்கு ஒழுங்கை முழுக்கத் தண்ணிக்குள்ள போயிருக்கும்."

"நிண்டிருக்கும்" என்று அதை மட்டும் திருப்பிச் சொன்னார். பிறகு தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு தரமும் இந்தக் கையாலதான் புள்ள காட்டின நான்."

நான் அந்தக் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் பிடிக்க விட்டார். பிறகு மெதுவாய் இழுத்துக்கொண்டார்.

"நான்தான் காட்டின எண்டு மற்ற மூண்டு வீட்டுக்கும் சொல்லிராதீங்க. அவங்களை வாய் மூடச் சொல்லிச் சத்தியம் வாங்கின ஆள் நான்."

"சொல்ல மாட்டன் ராத்தா. ஒருக்காலும் சொல்ல மாட்டன்."

அவர் சுளகை எடுத்தார். ஒருமுறை புடைத்தார். திரும்ப வைத்தார்.

"நீங்க சொல்ல மாட்டீங்க. அவங்க சும்மா இருப்பாங்களா? ஆரு காட்டின, ஆரு காட்டின எண்டு தேடுவாங்க. ஜெமீலா அந்தக் காது கேளாத மனிசனைச் சந்தேகப்படுவா. அவர் வீட்டாக்கள் ஜெமீலாவை. நாலு வீடும் எங்க போய் இருந்தாலும் ஒருத்தருக்கொருத்தர் சலாம் சொல்லாமலே சாவம்."

எழுந்தார். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். நான் "ராத்தா, இப்ப வேண்டாம்" என்றேன். அவர் என்னைத் தாண்டி ஒழுங்கையில் இறங்கி நடந்து, அடுத்த வீட்டுப் படலையைக் கையால் அடித்தார்.

"ஜெமீலா, வெளிய வா" என்றார். குரல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. "தண்ணி எதுவரை வந்த எண்டு இவங்களுக்குக் காட்டின ஆள் நான்."